மிருதங்கம் பாட்டுக்குப் பின்னால் விழுகிறது: பஃபர் எவ்வளவு வைக்க வேண்டும்?

கோண்டாவில் மிருதங்கம் (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். கோண்டாவிலில் வீட்டின் பின் அறையில் பாட்டுப் பதிகிறோம். அக்கா பாடுகிறார், நான் மிருதங்கம். அக்காவுக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறில்தான் வருவார். அவர் வரும்போது தம்பூராவோடும் கிளிக்கோடும் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) குரலை எடுத்துவிடுவேன். வார நாட்களில் அதைக் கேட்டபடி மிருதங்கம் வாசித்துச் சேர்ப்பேன்.

விண்டோஸ் லப்டொப், 8 ஜிபி ராம். மைக்கைக் கணினியோடு இணைக்க, இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி இன்ரர்பேஸ். பதிவது ரீப்பர் மென்பொருளில், சாம்பிள் ரேற் (செக்கனுக்கு எடுக்கும் ஒலி மாதிரிகள்) 48,000.

பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் சாம்பிள் எண்ணிக்கை) 1024இல் இருந்தபோது, நான் அடிக்கும் சொல் ஹெட்போனில் பிந்தி வந்து கையைக் குழப்பியது. 64க்குக் குறைத்தேன், சர்ர் என்று இரைச்சல். 256இலும் இடைக்கிடை வெடிக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டு வாசித்து முடித்துக் கேட்டால், மிருதங்கம் குரலுக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்திருக்கிறது. எல்லாப் பாட்டிலும் அப்படித்தான்.

என் கை பிந்துகிறதா, கணினி பிந்துகிறதா என்று தெரியவில்லை. இரண்டு கிழமையாக என் வாசிப்பையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் பீற்ஸ் (சனி, இரவு 9.58)

64தான் சரி. லப்டொப் தாங்கவில்லை என்றால் ராமை 16 ஆக்குங்கள். வேறு வழியில்லை.

இரவுப்பதிவு (சனி, இரவு 11.20)

தம்பி, அவசரப்பட்டு ராம் வாங்க வேண்டாம். நீங்கள் ஒன்றாக எழுதியதில் இரண்டு பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன.

வாசிக்கும்போது உங்கள் காதுக்கு ஒலி பிந்தி வருவது ஒன்று. பதிந்த ட்ராக்கே பிந்திய இடத்தில் விழுந்திருப்பது வேறொன்று. முதலாவது பஃபரோடு கூடும், குறையும். இரண்டாவதற்குப் பஃபரைப் பிடித்துப் பயனில்லை. ரீப்பர் என்ன செய்கிறது என்றால், 'நான் இவ்வளவு சாம்பிள் பிந்துவேன்' என்று ட்ரைவர் (இன்ரர்பேஸைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) சொல்லும் கணக்கை நம்பி, பதிந்ததை அந்தளவு முன்னுக்கு இழுத்து வைக்கிறது. ட்ரைவர் சொல்லும் கணக்குப் பிழைத்தால் ட்ராக்கும் பிழையான இடத்தில்தான் நிற்கும். உங்கள் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதே அளவு பிந்தும். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரிப் பிந்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் கையில் சந்தேகம் வரவில்லை.

முதலில் காதுக்கு வரும் தாமதத்தைப் பார்ப்போம். பஃபர் என்பது கிணற்றில் அள்ளும் வாளி மாதிரி. சின்ன வாளி என்றால் தண்ணீர் உடனே மேலே வரும், ஆனால் ஓயாமல் அள்ள வேண்டும். கை ஒரு கணம் நின்றாலும் வாய்க்கால் காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த இடம்தான் உங்களுக்குச் சர்ர் என்று கேட்கிறது. பெரிய வாளியில் வாய்க்கால் காயாது, ஆனால் ஒவ்வொரு வாளியும் மேலே வர நேரம் எடுக்கும்.

கணக்கு எளிது. சாம்பிள் எண்ணிக்கையைச் சாம்பிள் ரேற்றால் பிரித்தால் நேரம் வந்துவிடும். 48,000இல் 64 என்றால் 1.3 மில்லிசெக்கன், 128க்கு 2.7, 256க்கு 5.3, 512க்கு 10.7, 1024க்கு 21.3. இது ஒரு வழி. மைக்கிலிருந்து உள்ளே போய்த் திரும்ப ஹெட்போனுக்கு வர இரண்டு மடங்கு. அதற்கு மேல் இன்ரர்பேஸ் ஒலியை எண்ணாக மாற்றி மீண்டும் ஒலியாக்கும் நேரம், யூஎஸ்பி வழியாகப் போகும் நேரம் எல்லாம் சேரும். ஆக 1024இல் நீங்கள் அடித்த சொல் 43 மில்லிசெக்கனுக்கும் பிந்தித்தான் காதுக்கு வந்திருக்கும். கை குழம்பாமல் என்ன செய்யும்?

ஆனால் மிருதங்கத்துக்கு அந்தப் பயணமே தேவையில்லை. உங்கள் இன்ரர்பேஸில் டைரக்ட் மொனிற்றர் என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் மைக் ஒலி கணினிக்குள் போகாமல் இன்ரர்பேஸுக்குள்ளேயே திரும்பி உடனே ஹெட்போனுக்கு வரும். அதோடு, ரீப்பரில் அந்த ட்ராக்கின் மொனிற்றரிங்கை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். பிறகு பஃபர் 1024இல் இருந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை.

இரண்டாவதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இணுவில் வாசிப்பு (ஞாயிறு, காலை 6.15)

நல்ல விளக்கம். இதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன்.

காற்றில் ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர்தான் போகும். கோயில் வீதியில் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு மீற்றர் இருக்கும். 5 மில்லிசெக்கன் தாமதத்தோடுதான் நாங்கள் காலம் காலமாக வாசித்து வருகிறோம். எனவே 5, 6 என்று வந்தால் பயப்பட வேண்டாம். 20, 30 என்று போனால் ஒருவர் தேர்முட்டியிலும் மற்றவர் வீதியிலும் நின்று வாசிப்பது போல ஆகிவிடும்.

முடியுமானால் அக்கா வரும் நாளில் இருவரும் ஒன்றாக இருந்து, இரண்டு இன்புட்டிலும் ஒரே நேரத்தில் பதியுங்கள். இரண்டும் ஒரே மணிக்கூட்டில் ஓடுவதால் ஒன்றுக்கொன்று பிந்த வழியே இல்லை. குரல் மைக்கில் மிருதங்கம் கொஞ்சம் கசியும்தான். ஆனால் முகம் பார்த்து வாசிக்கும்போது வரும் பிடிப்பு கிளிக்கில் வராது. தாளம் போடும் கையைப் பார்த்து வாசித்துப் பழகியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கோண்டாவில் மிருதங்கம் (ஞாயிறு, பகல் 1.05)

அண்ணா, பொத்தான் இருந்தது! முன்பக்கத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் தொட்டதில்லை. அதைப் போட்டு, மொனிற்றரிங்கை அணைத்து, பஃபரை 512 ஆக்கினேன். கையும் காதும் சேர்ந்துவிட்டன. இரைச்சலும் இல்லை.

இணுவில் ஐயா, நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் சனி ஞாயிறில் அக்காவுக்கு வீட்டு வேலைகளும் இருக்கும். அவருடைய குரல் நன்றாக இருக்கும் ஒரு மணித்தியாலம் கிடைப்பதே அரிது, அதில் என் பிழைகளுக்காக அவரைத் திரும்பத் திரும்பப் பாடவைக்க மனம் வரவில்லை. ஒரு பாட்டையாவது நீங்கள் சொன்னபடி ஒன்றாக எடுப்போம்.

இன்னொன்று. டைரக்ட் மொனிற்றரில் அக்காவுக்குக் குரல் வரட்சியாகக் கேட்கிறதாம். ரிவேர்ப் (மண்டபத்தில் கேட்பது போன்ற எதிரொலி) இல்லாமல் பாட வரவில்லை என்கிறார். அதற்காக மீண்டும் கணினி வழியாகக் கேட்டால் தாமதம் வந்துவிடுமே?

மானிப்பாய் கீபோட் (ஞாயிறு, பின்னேரம் 4.30)

தம்பி, எங்கள் தேவாலயப் பாடகர் குழுவைப் பதியும்போது எனக்கும் இதே சிக்கல் வந்தது. வழி இருக்கிறது. டைரக்ட் மொனிற்றரை அப்படியே வைத்திருங்கள். ரீப்பரில் அக்காவின் ட்ராக்கில் மொனிற்றரிங்கைப் போட்டு, ஒரு ரிவேர்ப் பிளக்கின் போடுங்கள். அதில் டிரை (நேர் குரல்) என்று இருப்பதை முழுவதும் அணைத்து, வெற் (எதிரொலி) மட்டும் விடுங்கள். குரல் நேராக உடனே வரும், ரிவேர்ப்பின் வால் மட்டும் கணினி வழியாக 20, 25 மில்லிசெக்கன் பிந்தி வரும். பெரிய மண்டபத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் பிந்தித்தான் வருகிறது. காதுக்கு அது இயல்பாகவே இருக்கும்.

பாடுபவர்களுக்குத் தாமதம் வாத்தியக்காரரை விட அதிகம் உறுத்தும். அவர்களுடைய குரல் எலும்பு வழியாக உள்ளிருந்தே அவர்களுக்குக் கேட்கிறது. ஹெட்போனில் அதே குரல் 4, 5 மில்லிசெக்கன் பிந்தி வந்தாலும் இரண்டும் கலந்து, குழாய்க்குள் பாடுவது போலத் தொனி மாறிவிடும். தாமதம் என்று அவர்களுக்குத் தெரியாது, 'என் குரல் இன்றைக்கு நன்றாக இல்லை' என்றுதான் சொல்வார்கள். எங்கள் குழுவில் ஒரு பிள்ளை அப்படி அழுதே விட்டது.

எனக்குச் சின்னப் பஃபர் கட்டாயம் வேண்டும். கீபோட்டில் வருவது கட்டளை மட்டும்தான், பியானோ ஒலியைக் கணினியே உண்டாக்குகிறது. டைரக்ட் மொனிற்றரில் கேட்க அங்கே ஒன்றும் இல்லை. நான் 128இல் வாசிக்கிறேன். கிற்றாரை அம்ப் பிளக்கின் வழியாக வாசிப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

சுன்னாகம் பீற்ஸ் (ஞாயிறு, பின்னேரம் 5.12)

நான் பீற் செய்வது முழுக்க மென்பொருள் வாத்தியங்களில்தான், அதனால் 64 என்று சொன்னேன். மிருதங்கத்துக்கு வேறு வழி இருக்கிறது என்பதை இப்போதுதான் யோசித்தேன். நன்றி மானிப்பாய் அக்கா.

128இல் வெடிக்காமல் எப்படி ஓட்டுகிறீர்கள்? என்னுடையது இரவில் நன்றாக ஓடும், மத்தியானத்தில் வெடிக்கும்.

இரவுப்பதிவு (ஞாயிறு, இரவு 10.45)

சுன்னாகம் தம்பி, அது வெக்கை. புரோசஸர் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே, மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு இருந்தால் லப்டொப் என்ன பாடுபடும்? நான் இரவில் பதிவதே இதனால்தான். லப்டொப்பின் கீழே இரண்டு மரக்கட்டை வைத்துக் காற்றுப் போக வழி விடுங்கள்.

அடுத்தது கரண்ட். பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் ஓடும், பதிவு நிற்காது. ஆனால் பற்றரிக்குப் போனதும் விண்டோஸ் மின்சாரத்தைச் சேமிக்கப் பார்க்கும், புரோசஸர் வேகம் இறங்கும், அதுவரை நன்றாக ஓடிய 128 வெடிக்கத் தொடங்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் இதைப் படித்துக்கொண்டேன். பவர் ஒப்ஷன்ஸில் பற்றரிக்கும் பிளக்குக்கும் இரண்டுக்குமே உச்ச வேகத்தை வைத்துவிடுங்கள். யூஎஸ்பி செலெக்ரிவ் சஸ்பென்ட் என்பதையும் அணைத்துவிடுங்கள். இப்போது கரண்ட் இருந்தாலும் சில நேரம் வேண்டுமென்றே பிளக்கைக் கழற்றிவிட்டுப் பதிகிறேன், ஏர்த் சரியில்லாத வீடுகளில் வரும் ஹம் அதோடு போய்விடுகிறது.

வைஃபையை அணையுங்கள். லேற்றன்சிமொன் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த ட்ரைவர் புரோசஸரைப் பிடித்துவைக்கிறது என்று காட்டும். என்னுடையதில் வைஃபை ட்ரைவர்தான். அணைத்த அன்றே 256இலிருந்து 128க்கு வர முடிந்தது, ஒரு சதமும் செலவில்லை. இன்ரர்பேஸை ஹப்பில் செருகாமல் நேரே லப்டொப்பில் செருகுங்கள். புளூரூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், அது மட்டுமே 100, 200 மில்லிசெக்கன் பிந்தும்.

இனிக் கோண்டாவில் தம்பியின் இரண்டாவது பிரச்சினை. இதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

இன்ரர்பேஸின் லைன் அவுட்டிலிருந்து ஒரு கேபிளை அதன் இன்புட்டில் செருகுங்கள். டைரக்ட் மொனிற்றரை அணையுங்கள், ட்ராக் மொனிற்றரிங்கையும் அணையுங்கள், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றிக் கத்தும். ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு ட்ராக்கில் கிளிக் ஒலியை ஓடியோவாக வைத்து, அது வெளியே போய் உள்ளே வருவதை இரண்டாவது ட்ராக்கில் பதியுங்கள். பிறகு நன்றாகப் பெரிதாக்கி, இரண்டு கிளிக்குக்கும் இடையில் எத்தனை சாம்பிள் என்று பாருங்கள். ட்ரைவர் சரியாகச் சொல்லியிருந்தால் ஏறத்தாழப் பூச்சியம் வரும். வராவிட்டால் அந்த எண்தான் உங்களை இரண்டு கிழமை வருத்தியது.

கேபிள் இல்லாவிட்டால் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மைக்கோடு ஒட்டிப் பிடியுங்கள். ஓரிரு சென்ரிமீற்றர் காற்று ஒரு மில்லிசெக்கனில் பத்தில் ஒன்றுகூட வராது.

கிடைத்த எண்ணை ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில், ஓடியோவின் கீழே ரெக்கோடிங் என்ற பக்கத்தில் மனுவல் ஒஃப்செற் என்ற பெட்டியில் போடுங்கள். போட்டபின் திரும்ப அளக்க வேண்டும். இடைவெளி இரண்டு மடங்கானால் குறியைப் பிழையாகப் போட்டிருக்கிறீர்கள், மாற்றுங்கள்.

வல்வெட்டித்துறைக் குரல் (திங்கள், காலை 7.50)

நான் ஓடாசிற்றி பாவிக்கிறேன். அதிலும் இது இருக்கிறதா?

இரவுப்பதிவு (திங்கள், காலை 8.30)

இருக்கிறது. பிரிஃபரன்ஸஸில் லேற்றன்சி கொம்பன்சேஷன் என்று பாருங்கள். -130 மில்லிசெக்கன் என்று பொதுவாக ஓர் எண் போட்டிருக்கும். அது உங்கள் கருவியை அளந்து போட்ட எண் அல்ல. மேலே சொன்னபடி அளந்து மாற்றுங்கள்.

கோண்டாவில் மிருதங்கம் (செவ்வாய், இரவு 8.55)

அளந்தேன். 624 சாம்பிள். அதாவது சரியாக 13 மில்லிசெக்கன்.

பஃபரை 128 ஆக்கி அளந்தேன், 624. 1024 ஆக்கி அளந்தேன், அதுவும் 624. நீங்கள் எழுதியதை அப்போதுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன். இது பஃபரில் ஒளிந்திருந்த பிழையே இல்லை. இன்ரர்பேஸுக்கென்று வந்த ட்ரைவரைப் போடாமல் பொதுவான ஒன்றைப் பாவித்திருக்கிறேன், அது கருவிக்குள் நடக்கும் தாமதத்தைச் சேர்க்காமல் கணக்குச் சொல்லியிருக்கிறது.

எண்ணைப் போட்டுத் திரும்ப அளந்தேன், ஒரு சாம்பிள் வித்தியாசம். பழைய மிருதங்க ட்ராக்குகளை 624 சாம்பிள் முன்னுக்கு நகர்த்திக் கேட்டேன். ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 அட்சரம். ஓர் அட்சரத்துக்கு எட்டுச் சொல் விழும் இடத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 94 மில்லிசெக்கன்தான். அதில் 13 பிந்தினால் ஏழில் ஒரு பங்கு. கீழ்க்காலத்தில் தெரியாமல் போனது, மேற்காலத்தில் ஏன் இழுபட்டது என்று இப்போது விளங்குகிறது.

நகர்த்தியதும் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். 'இப்பதான் ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு' என்றார்.

இணுவில் வாசிப்பு (செவ்வாய், இரவு 9.20)

மகிழ்ச்சி தம்பி. கையைச் சந்தேகப்படுவது வாசிப்பவனுக்குப் பெரிய வருத்தம். அது தீர்ந்ததே போதும்.

மானிப்பாய் கீபோட் (செவ்வாய், இரவு 10.02)

மிக்ஸிங்கையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதில்தான் மாட்டுவீர்கள்.

மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024, 2048 என்று ஏற்றிவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் ஒலி கண்ணிமைப்பு நேரம் பிந்தும், அவ்வளவுதான். பெரிய பஃபரில் ஒலித் தரம் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. வெடிக்காதவரை இரண்டிலும் ஒரே ஒலிதான். கடைசியில் ரெண்டர் செய்யும்போது (பாட்டை ஒரே கோப்பாக்கும்போது) பஃபர் அளவு பாட்டை மாற்றாது. சாம்பிள் ரேற்றை 96,000 ஆக்கினால் தாமதம் பாதியாகும் என்றும் சொல்வார்கள். கணக்கில் சரிதான், ஆனால் புரோசஸருக்கு வேலையும் இரண்டு மடங்காகிறது, எங்கள் லப்டொப்களில் அதனால் லாபம் இல்லை.

சிக்கல் எங்கே வரும் என்றால், மிக்ஸ் பாதியில் இருக்கும்போது 'இந்த ஒரு வரியைத் திரும்பப் பாடுவோம்' என்று தோன்றும். மாஸ்டரில் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் இடத்தில்) லினியர் ஃபேஸ் ஈக்யூ, முன்கூட்டிப் பார்த்து வேலை செய்யும் லிமிற்றர் எல்லாம் போட்டிருப்பீர்கள். அவற்றுக்கு ஒலியைப் பிடித்துவைத்து ஆராய நேரம் வேண்டும். மென்பொருள் மற்ற ட்ராக்குகளையும் அதே அளவு பிந்தவைத்து ஒழுங்கு செய்துவிடும், அதனால் கேட்கும்போது தெரியாது. கணினி வழியாகக் கேட்டுப் பாடத் தொடங்கினால்தான் தெரியும். பஃபர் 64இல் இருந்தாலும் அந்தப் பிளக்கின் தாமதம் குறையாது. ரீப்பரில் எஃபெக்ற் ஜன்னலின் கீழே எத்தனை சாம்பிள் என்று காட்டும், பாருங்கள். மாஸ்டரில் உள்ளவற்றை அணைத்துவிட்டுப் பதியுங்கள், பிறகு போடுங்கள். பாரமான ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்தாலும் (எஃபெக்ற்றோடு சேர்த்து ஓடியோவாக்கி வைத்தாலும்) உதவும்.

கோண்டாவில் மிருதங்கம் (புதன், இரவு 7.30)

மானிப்பாய் அக்கா, இதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒரு கேள்வி. ரொறன்ரோவில் மச்சான் வயலின் வாசிப்பார். இணையத்தில் நேரடியாக மூன்று பேரும் சேர்ந்து வாசிக்க முடியுமா?

இரவுப்பதிவு (புதன், இரவு 11.05)

முடியாது தம்பி. ரொறன்ரோ 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர்தான் போகும். நேர்கோட்டில் கேபிள் இருந்தாலும் ஒரு வழிக்கு மட்டும் 65 மில்லிசெக்கன், போய்வர 130. உண்மையில் அதை விடக் கூட. எந்தச் செற்றிங்காலும் இதைக் குறைக்க முடியாது.

கோப்பாக அனுப்புங்கள். பாட்டைக் காலக்கோட்டின் பூச்சியத்திலிருந்து வேவ் கோப்பாக ரெண்டர் செய்யுங்கள், தொடக்கத்தில் நான்கு கிளிக் இருக்கட்டும். அவரும் தன் கணினியில் மேலே சொன்னபடி ஒருமுறை அளந்து சரிசெய்துவிட்டு வாசிக்க வேண்டும். தன் வயலினைப் பூச்சியத்திலிருந்தே ரெண்டர் செய்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் பூச்சியத்தில் வைத்தால் போதும். இரண்டு பக்கமும் 48,000 தான் என்று முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 48,000இல் பதிந்ததை 44,100 என்று எடுத்து ஓடவிட்டால் வேகமும் குறையும், சுருதியும் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கும்.

கோண்டாவில் மிருதங்கம் (ஞாயிறு, இரவு 8.10)

நேற்று அக்கா வந்தார். வெற் ரிவேர்ப் முறையில் ஒரு வர்ணம் பாடினார், மூன்றாவது தடவையிலேயே பிடித்துவிட்டது. இன்று காலை இணுவில் ஐயா சொன்னபடி இருவரும் எதிரெதிரே இருந்து, கிளிக் இல்லாமல், இரண்டு மைக்கில் ஒரு கீர்த்தனை எடுத்தோம். மிருதங்கம் குரல் மைக்கில் கசிந்திருக்கிறது, இருந்தாலும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வர்ணத்தை மச்சானுக்கு அனுப்பிவிட்டேன், முன்னால் நான்கு கிளிக் வைத்து.